மரத்தடியில் யோகாசனம், குழாயடியில் மஞ்சட்காமாலை!

ஆண்டுக்கொரு முறை நம் பல்கலைக் கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஒரு திருவிழா நடக்கிறது. உடல்நல வாரம் என்று அதற்குப் பெயர். வாசலில் தோரணம் கட்டுகிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "அதிகாலையில் எழு, ஆசனம் செய், கவலையை விடு, மனத்தை அடக்கு" என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்கிறார். மாணவர்கள் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து மூச்சை இழுக்கிறார்கள், விடுகிறார்கள். புகைப்படம் எடுக்கிறார்கள். விழா இனிதே முடிகிறது.

முடிந்த பிறகு நடப்பதைத்தான் எவரும் புகைப்படம் எடுப்பதில்லை. ஆசனம் போட்ட பிள்ளை விடுதிக்குத் திரும்புகிறான். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கிடையாது. ஐம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாம்பாரில் பருப்பைத் தேடுவது தனி ஆராய்ச்சி. உதவித்தொகை வந்துவிட்டதா என்று ஆறு மாதமாகக் காரியாலயத்து ஜன்னலில் நின்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருக்கிறான். விழாப் பந்தலைப் பிரித்து, கூட்டிப் பெருக்கி, குப்பையை அள்ளிச் செல்கிற அம்மாவுக்கு அன்றைய கூலி உண்டு. நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்தால் கூலி கிடையாது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. நல்ல விடுதிகள் உண்டு; நெஞ்சில் ஈரமுள்ள அதிகாரிகளும் உண்டு. யோகாசனத்துக்கும் நாம் விரோதிகளல்ல. உடற்பயிற்சி செய்தால் உடம்புக்கு நல்லது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நமது கேள்வி வேறு. குழாயில் கிருமி வருகிறது. அதைக் குடிக்கிறவனிடம் போய் மூச்சைச் சரியாக விடு என்று சொன்னால் காமாலை நின்றுவிடுமா? நோய்க்குக் காரணம் சுற்றுப்புறத்தில் இருக்க, மருந்தை மட்டும் மாணவனின் தலையில் தேடுவது என்ன நியாயம்?

நமக்கேன் இந்தக் கவலை?

"ஆலையிலும் பணிமனையிலும் வேலை செய்கிற நமக்குப் பல்கலைக் கழகத்து விவகாரம் எதற்கு?" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறோம்.

ஒரு காலத்தில் கல்லூரி என்பது மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் போகிற இடமாக இருந்தது. இன்று அப்படியில்லை. 2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளோர் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் விகிதம் நூற்றுக்கு 47. இந்தியா முழுமைக்கும் அது 28.4. நாடெங்கும் அந்த ஆண்டில் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் சேர்ந்திருந்தவர்கள் 4 கோடியே 33 லட்சம் பேர். இத்தனை பேரும் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளா? நூற்பாலைத் தொழிலாளியின் மகள் அங்கே இருக்கிறாள். கட்டடத் தொழிலாளியின் மகன் அங்கே இருக்கிறான். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் அங்கே நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் உண்ணும் சோறும் குடிக்கும் நீரும் நம் வீட்டு விவகாரம்.

இன்னொன்றும் உண்டு. அந்த வளாகத்துக்குள் படிப்பவர் மட்டுமா இருக்கிறார்கள்? சமைப்பவர், பரிமாறுபவர், கழிப்பறை கழுவுபவர், காவல் காப்பவர், தோட்டம் பார்ப்பவர், பஸ் ஓட்டுபவர் என்று ஒரு தொழிலாளர் பட்டாளமே இருக்கிறது. பலர் நேற்றுவரை நிரந்தரப் பணியாளர். இன்று காண்டிராக்டரின் ஆட்கள். வளாகத்தின் நலம் என்று பேசும்போது இவர்களை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? விழா மேடையில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஆகவேதான் இந்த விஷயத்தை நாம் எடுத்துப் பேசுகிறோம்.

உலகம் ஒப்புக்கொண்ட உண்மை

கல்விக்கூடம் மாணவனின் உடம்பையும் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்றொரு கல்லூரி. அங்கே மாணவர்கள் உடல் நலிந்து போவதைக் கண்டு கவலைப்பட்டார் கல்லூரித் தலைவர். 1861 ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற மருத்துவரைச் சுகாதாரத்துக்கும் உடற்பயிற்சிக்கும் பேராசிரியராக நியமித்தார்கள். அவர் 1911இல் மறையும் வரை, ஐம்பதாண்டுக் காலம் அங்கேயே பணியாற்றினார். மாணவர்களை அளந்தார், பரிசோதித்தார், பயிற்சி கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் அந்தப் பார்வை மாணவனின் உடம்போடு நின்றது. அவன் வாழும் சூழ்நிலையைத் தொடவில்லை.

சூழ்நிலையைத் தொட்டுப் பேசியது பின்னாளில் வந்த பிரகடனம். 1986 நவம்பர் 21 அன்று, கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், உலகச் சுகாதார நிறுவனத்தின் மாநாடு ஒரு சாசனத்தை நிறைவேற்றியது. உடல்நலத்துக்கு அடிப்படைத் தேவைகள் எவையென்று அதில் பட்டியலிட்டார்கள். மாத்திரை என்றார்களா? ஊசி என்றார்களா? இல்லை, தோழர்களே! சமாதானம், குடியிருப்பு, கல்வி, உணவு, வருமானம், நிலையான இயற்கைச் சூழல், வற்றாத வளங்கள், சமூக நீதி, சமத்துவம் என்று எழுதினார்கள். இது ஏதோ தொழிற்சங்க மாநாட்டுத் தீர்மானம் என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்து மருத்துவ மேதைகளும் அதிகாரிகளும் கூடி எழுதியது! மனிதனின் ஆரோக்கியம் அவன் படிக்கிற, உழைக்கிற, விளையாடுகிற இடத்தில்தான் உருவாகிறது என்பது அந்தச் சாசனத்தின் சாரம்.

அந்த வழியில் 1990களின் நடுவில் இங்கிலாந்தில் லங்காஸ்டர் முதலிய சில பல்கலைக் கழகங்கள் முயற்சி தொடங்கின. 1998இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பற்றி நூலே வெளியிட்டது. 2015 ஜூன் மாதத்தில் கனடாவின் கெலோனா நகரத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தின் ஒக்கனகன் வளாகத்தில், 45 நாடுகளைச் சேர்ந்தவர்கள் கூடி ஒக்கனகன் சாசனம் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். அதன் முதல் அழைப்பு என்ன? நிர்வாகம், அன்றாட நடைமுறை, பாடத்திட்டம் ஆகிய எல்லாவற்றிலும் உடல்நலத்தைப் பொதிந்து வைக்க வேண்டும் என்பது.

எல்லாவற்றிலும் என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவமனை என்று மூலையில் ஓர் அறையைத் திறந்து, அதில் ஒரு நர்ஸை உட்கார வைத்துவிட்டால் கடமை முடிந்ததென்று அந்தச் சாசனம் சொல்லவில்லை. விடுதிக்கு டெண்டர் விடும்போதும் உடல்நலம் பேசப்பட வேண்டும். தேர்வு அட்டவணை போடும்போதும் பேசப்பட வேண்டும். துப்புரவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதும் பேசப்பட வேண்டும். இதுதான் அதன் பொருள். இதைவிட்டுவிட்டு, ஆண்டில் ஒரு வாரம் விழாக் கொண்டாடுவது சாசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் காரியமே ஆகும்.

முதலில் சோறு, பிறகு உபதேசம்

ஜெர்மனியைப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்து நாடு நாசமாகிக் கிடந்த காலம். மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது அவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து மாணவர் உதவி அமைப்புகளை ஏற்படுத்தினார்கள். 1921இல் அவை நாடு தழுவிய ஸ்தாபனமாக ஒன்று சேர்ந்தன. முதலில் அவர்கள் கையிலெடுத்த வேலை என்ன? சொற்பொழிவா? இல்லை. பொதுச் சமையல், மலிவான சாப்பாடு! அந்த மரபில் வந்த மாணவர் சேவை நிறுவனங்கள்தான் இன்றளவும் ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களில் உணவுக்கூடங்களையும் விடுதிகளையும் நடத்துகின்றன.

பிரான்சு நாட்டில் மாணவர் உணவுக்கூடங்களைப் பொது நிறுவனம் நடத்துகிறது. 2020இல் அங்கே உதவித்தொகை பெறும் மாணவர்க்கு ஒரு வேளைச் சாப்பாடு ஒரு யூரோ என்று விலை வைத்தார்கள். கொள்ளைநோய்க் காலமான 2021இல் பல மாதங்களுக்கு மாணவர் அனைவருக்குமே அந்த விலையைக் கொடுத்தார்கள். பணக்கார நாடுதானே என்று சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டாம். அந்தப் பணக்கார நாட்டிலேயே மாணவர்கள் இலவச உணவுப் பொட்டலத்துக்கு நீண்ட வரிசையில் நின்ற பிறகுதான், அவர்கள் குரல் எழுப்பிய பிறகுதான், அரசாங்கம் அசைந்தது.

சோற்றின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டால் பிள்ளைகள் வருவார்கள், படிப்பார்கள் என்று நாட்டுக்குக் காட்டிய மண் இது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்கும் என்று கண்டுகொண்டோம். பதினெட்டு வயதில் பசி அடங்கிவிடுகிறதா? கிராமத்திலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிப் பஸ்ஸில் ஏறி, வெறும் டீயோடு முதல் வகுப்பில் உட்காருகிற பெண் மயங்கி விழுந்தால் "இரத்தசோகை, கீரை சாப்பிடம்மா" என்கிறார்கள். கீரை வாங்கக் காசு யார் கொடுப்பது? கல்லூரி உணவுக்கூடத்தில் பொரித்த பண்டமும் இனிப்புத் தண்ணீரும் எளிதில் கிடைக்கும். ஒரு தட்டு சுண்டல் கிடைக்காது. உணவுக்கூடத்தை அதிக வாடகை தருகிறவனுக்கு ஏலம் விட்டால், அவன் லாபத்தை எதிலே எடுப்பான்? எண்ணெயிலும் பருப்பிலும்தான் எடுப்பான்.

தண்ணீரும் அப்படியே. மஞ்சட்காமாலையில் ஒரு வகையும் டைபாய்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுகின்றன. தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து, கழிவுக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் தடுத்துவிடலாம். இதற்கு விஞ்ஞானி வேண்டாம். ஒரு பிளம்பரும், பொறுப்புள்ள ஒரு கண்காணிப்பாளரும், தேதி போட்ட ஒரு பதிவேடும் போதும்.

விடுதிச் சோறு கெட்டால் என்ன ஆகும் என்பதை நம் தொழிலாளத் தங்கைகள் நாட்டுக்கே காட்டினார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், தொழிற்சாலை விடுதி உணவு உண்டு பெண் தொழிலாளர்கள் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் விடுதியின் கதை வெட்ட வெளிச்சமாயிற்று. தொழிற்சாலை விடுதியானால் என்ன, கல்லூரி விடுதியானால் என்ன? மூடிய சுவருக்குள் நம் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வெளியார் கண் பட வேண்டும்.

மனத்தின் காயம் எங்கிருந்து வருகிறது?

உடம்பைப் பற்றிப் பேசிவிட்டோம். மனத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். பேசக் கூசுகிற விஷயம். ஆனால் மௌனம் சாதிப்பது பாவம்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. மகளைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பில் குற்றப் பதிவுத் துறையின் கணக்கை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். 2022 ஆம் ஆண்டில் மட்டும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2001 ஆம் ஆண்டில் இந்தத் தொகை 5,425. இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்! 2022இல் தேர்வுத் தோல்வியே காரணம் என்று பதிவானவை 2,248. அதாவது ஏறத்தாழ ஆறில் ஒன்று. மீதி ஐந்து பங்கின் காரணம் மதிப்பெண் பட்டியலுக்கு வெளியே கிடக்கிறது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி கிடையாது, நாங்கள் எல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம்" என்று சில பெரியவர்கள் பேசுகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவரை மதிக்கிறோம். ஆனால் அவர்களோடு படித்து, பாதியில் படிப்பை விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்களா? வென்றவன் கதை மட்டுமே மேடைக்கு வருகிறது. ஆலையில் இயந்திரம் கையை நசுக்கியபோது, "தொழிலாளிக்கு ஜாக்கிரதை போதாது" என்று முதலாளி சொன்னதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. இயந்திரத்துக்குத் தடுப்பு வேலி போடச் சொல்லிப் போராடினோம். விபத்துக் குறைந்தது. மாணவன் விஷயத்திலும் வேலி எங்கே என்றுதான் கேட்க வேண்டும்.

எவையெல்லாம் அந்தப் பிள்ளைகளை நசுக்குகின்றன? சாதி முதலில் வருகிறது. டில்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. 2007இல் அது அறிக்கை தந்தது. விடுதியில் ஒதுக்கல், சாப்பாட்டுக் கூடத்தில் ஒதுக்கல், விளையாட்டில் ஒதுக்கல் என்று வரிசையாக எழுதியது. நாட்டின் பெயர்பெற்ற வைத்தியசாலையின் உள்ளேயே இந்த வியாதி! ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில், விடுதியிலிருந்து விலக்கப்பட்ட ஐந்து ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம். பல மாதங்களாக அவருக்கு வர வேண்டிய உதவித்தொகை வராமல் இருந்தது. இத்தகைய பிள்ளைக்கு மனவலிமைப் பயிற்சி என்று ஒரு மணி நேர வகுப்பு எடுத்தால் போதுமா?

அடுத்தது பணம். உதவித்தொகை என்பது பிச்சையன்று. ஏழைப் பிள்ளையின் மாதச் சம்பளம் அது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகையில், பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்று 2020 டிசம்பரில் முடிவு செய்தார்கள். பங்கு பிரித்தது சரி. தேதி யார் குறிப்பது? நமக்குச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வராவிட்டால் வாசலில் கூடுகிறோம். மாணவன் எந்த வாசலில் கூடுவான்? கடன் கேட்டுக் கேட்டு நண்பர்களின் முகத்தில் விழிக்கக் கூசி, சாப்பாட்டுக் கூடத்துக்கே போகாமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். அவனைப் பார்த்து, "ஏன் யாரோடும் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்கிறார்கள்.

ஆலோசகர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2023இல், பல்கலைக் கழக மானியக் குழு ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் சேவை மையம் அமைக்கும்படி வழிகாட்டியது. காகிதம் சரியாகத்தான் இருக்கிறது. "குறைந்தது ஒருவர்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஐயாயிரம் பேருக்கு ஒரே ஒருவரை நியமித்து, அவர் கையிலும் தேர்வு வேலையைத் திணித்துவிட்டால் என்ன செய்வது? மாணவன் தன் மனத்தைத் திறந்து சொன்னது அடுத்த நாள் துறைத் தலைவரின் காதுக்குப் போய்விடும் என்றால், எந்தப் பிள்ளை அந்த அறைக் கதவைத் தட்டும்?

கழிப்பறை கழுவுகிறவரும் வளாகத்தைச் சேர்ந்தவரே

இப்போது நம் சொந்தத் தோழர்களிடம் வருவோம்.

லண்டன் பல்கலைக் கழகத்தில் துப்புரவு செய்பவர்களும் காவல் காப்பவர்களும் காண்டிராக்டரின் ஆட்களாக இருந்தார்கள். பெரும்பாலோர் தென்னமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பக்கத்து மேசையில் வேலை செய்கிற நேரடி ஊழியருக்கு நோய்க்கால ஊதியம் உண்டு, நீண்ட விடுமுறை உண்டு, ஓய்வூதியம் உண்டு. இவர்களுக்கு அந்த அளவில் எதுவும் இல்லை. அவர்கள் ஒரு சங்கமாகத் திரண்டார்கள். "மூன்று விஷயங்கள்" என்று தங்கள் மொழியில் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். நோய்க்கால ஊதியம், விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவையே அந்த மூன்று. மாணவர்கள் அவர்களோடு தோளோடு தோள் நின்றார்கள். 2013 நவம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நோய்க்கால ஊதியத்திலும் விடுமுறையிலும் பெரிய முன்னேற்றம் கண்டார்கள்.

அதற்கும் முன்பு, 2001 ஆம் ஆண்டில், உலகிலேயே பெரும் பணக்காரப் பல்கலைக் கழகமான அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு சம்பவம். கூட்டுபவர், சமைப்பவர், காவலர் ஆகியோருக்கு வாழப் போதுமான கூலி வேண்டும், மணிக்குக் குறைந்தது பத்தேகால் டாலர் வேண்டும் என்று கேட்டு, ஏறத்தாழ ஐம்பது மாணவர்கள் தலைவரின் காரியாலயக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். 21 நாட்கள் அசையவில்லை. வெளியே தொழிலாளர்கள் ஊர்வலம் வந்தார்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, தொழிலாளரும் மாணவரும் இடம்பெற்ற குழுவை அமைத்தது, கூலியும் உயர்ந்தது.

இதில் உடல்நலம் எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? நோய்க்கால ஊதியம் இல்லாத சமையல்காரர் காய்ச்சலோடு வேலைக்கு வருவார்; வேறு வழி அவருக்கு இல்லை. வயிற்றுப்போக்கோடு சாதம் வடிப்பார். அந்தக் கிருமி எங்கே போகும்? ஐந்நூறு தட்டுகளுக்குப் போகும். துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறை கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசு, ஆய்வுக்கூடக் கண்ணாடித் துண்டு அவர் கையைக் கிழிக்கும்போது ரத்தமாக வெளியே வருகிறது. நான்கு மாடிக்கு ஒரே ஒரு பெண்ணை நியமித்தால், கழிப்பறை எப்படி நாறாமல் இருக்கும்? மாணவியின் சிறுநீர்த் தொற்றும் அந்த அம்மாவின் இடுப்பு வலியும் ஒரே ஒப்பந்தக் காகிதத்திலிருந்து பிறந்தவை. மாணவர் நலம் தனி, தொழிலாளர் நலம் தனி என்று பிரித்துவைக்க முடியாது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சம்பள வரம்பை 2017இல் மாதம் 21,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அந்த வரம்புக்குள் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் கையில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது? சம்பளத்தில் பிடித்த காசைக் காண்டிராக்டர் கட்டினாரா? இதைக் கேட்க வேண்டியது பல்கலைக் கழகத்தின் கடமை. கேட்க வைக்க வேண்டியது நம் கடமை.

என்ன செய்ய வேண்டும்?

"பணம் எங்கே?" என்பார்கள். வளைவும் நீரூற்றும் கட்டப் பணம் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போடப் பணம் இருக்கிறது. தொட்டிக்கு மூடி வாங்கப் பணம் இல்லையா? நாம் கேட்பவை ஆகாயத்து நட்சத்திரங்களல்ல.

ஒன்று: குடிநீரையும் விடுதி உணவையும் மாதந்தோறும் பரிசோதித்து, முடிவைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். உணவுக் குழுவில் மாணவரும் சமையல் தொழிலாளரும் இடம்பெற வேண்டும்.

இரண்டு: கழிப்பறைகள் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும். மாணவிகளுக்கும் பெண் ஊழியர்களுக்கும் தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைத் தொட்டி மூன்றும் கட்டாயம் வேண்டும்.

மூன்று: உதவித்தொகைக்குத் தேதி குறிக்க வேண்டும். அரசாங்கத்திலிருந்து பணம் தாமதமானால், மாணவனை விடுதியிலிருந்தோ தேர்விலிருந்தோ வெளியே நிறுத்தக் கூடாது.

நான்கு: ஆலோசகர்கள் மாணவர் தொகைக்கு ஏற்ற அளவில், நிரந்தரப் பணியாக நியமிக்கப்பட வேண்டும். அவரிடம் சொன்னது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். சாதியின் பேரால் இழிவுபடுத்துவோர் எவராயினும் நடவடிக்கை வேண்டும்.

ஐந்து: ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளத்தோடு நோய் விடுப்பு, கையுறை, காலணி, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும். வளாக மருத்துவமனை அவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

இதைச் சாதிக்க மேடை முழக்கம் மட்டும் போதாது. அந்தந்த ஊர்த் தோழர்கள் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் கல்லூரியில் எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை, எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர் என்று எண்ணிக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவர் தலைவர்களையும் துப்புரவுத் தொழிலாளரையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசுங்கள். கணக்கோடு போகிறவனை எந்த அதிகாரியும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. விடுமுறைக்கு வந்த மகனிடமும் மகளிடமும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "சாப்பாடு எப்படி? தூக்கம் வருகிறதா? யாராவது மனம் நோகப் பேசுகிறார்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மனச்சுமை தாங்க முடியாமல் தவிக்கிறவர் யாராயிருந்தாலும், 2022 அக்டோபர் முதல் நடைபெறும் டெலி மானஸ் என்ற அரசாங்கத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. அந்த எண்ணைச் சங்கக் காரியாலயத்துப் பலகையிலும் எழுதி வையுங்கள்.

உடல்நல வாரம் கொண்டாடட்டும், ஆசனமும் போடட்டும். அடுத்த ஆண்டு அந்த விழா மேடையில் விடுதிச் சமையல்காரரையும் துப்புரவுத் தொழிலாளியையும் ஏற்றி, "உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று துணைவேந்தர் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டால் அந்த வளாகத்தின் ஆரோக்கியம் தெரிந்துவிடும். கேட்க வைப்போம், தோழர்களே!